சாமை விதைத்த வருஷம்

ஜூன் 8, 2023

நேற்று மத்திய அரசு ஆதரவு விலை அறிவித்திருக்கிறது. ராகி குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். வீட்டுக்காரர் போனில் பட்டியல் முழுவதையும் மேலும் கீழும் தள்ளித் தேடினார். சாமைக்கென்று தனி விலை இல்லை. "சிறுதானிய வருஷம்னு ஐ.நா. சபையே சொல்லியிருக்குது, ஆனா நம்ம சாமைய பட்டியல்ல காணோம்" என்று சிரித்தார்.

எங்களுக்கு அரூர் பக்கம் இரண்டரை ஏக்கர் புஞ்சை. பதினைந்து வருஷமாக மரவள்ளிதான். மழைக்குத் தாங்கும், நட்டுவிட்டால் பத்து மாதம் கிடக்கும், வெட்டினால் லாரி வந்து ஏற்றிக்கொண்டு சேலத்து சேகோ ஆலைக்குப் போய்விடும். ஆனால் அங்கே எடை மட்டும் பார்ப்பதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் பணம். அந்த பாயிண்ட் ஏன் எங்கள் கிழங்குக்கு மட்டும் எப்போதும் ஒன்றிரண்டு குறைகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்புறம் மாவுப்பூச்சி வந்தது. 2020இல் கேரளத்தில் முதலில் தெரிந்த பூச்சி இங்கே வர அதிக நாள் ஆகவில்லை. குருத்து சுருண்டு, கொத்தாகக் கூடிப்போய் நின்றது. ஆப்பிரிக்காவிலிருந்து அந்தப் பூச்சியை அழிக்கும் குளவி கொண்டுவந்து சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள், 2022இல். இப்போது பரவாயில்லைதான். ஆனாலும் ஒரு ஏக்கரையாவது மாற்றிப் போடலாம் என்று அவருக்கு ஆசை.

ஜூன் 19

அத்தையிடம் சாமை என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"யாரு குத்தறது?"

விலை என்ன, விளைச்சல் எவ்வளவு என்று எதுவும் கேட்கவில்லை. அதுதான் முதல் கேள்வி. "மில்லு இருக்குது அத்தை" என்றேன். "ஊருக்குள்ள இருக்கறது மாவு மில்லு. அதுல ராகி போட்டா மாவு வரும். சாமை போட்டா என்ன வரும்?" என்றார்கள்.

சரியான கேள்வி. ராகி, கம்பு, சோளம் எல்லாம் அப்படியே அரைத்துக்கொள்ளலாம். சாமைக்கு, தினைக்கு, வரகுக்கு மேலே உமி இருக்கிறது. அதை உரித்தால்தான் அரிசி. மே மாதத்திலிருந்து எங்கள் தர்மபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் அட்டைக்கு 2 கிலோ ராகி தருவதாகச் சொன்னார்களே, ராகியை ஏன் முதலில் பிடித்தார்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று என் எண்ணம்.

ஜூலை 19

ஆடி பிறந்து மூன்றாம் நாள். விதைத்தாயிற்று. திருவண்ணாமலை பக்கம் அத்தியந்தல் சிறுதானிய மையத்திலிருந்து 2019இல் வந்த ஏ.டி.எல். 1 ரகம், 5 கிலோ. எண்பத்தைந்து தொண்ணூறு நாளில் வந்துவிடுமாம். விதை ரொம்பப் பொடி. கைப்பிடியாக அள்ளி வீசினால் ஓரிடத்தில் பாயாக முளைக்கும், ஓரிடம் மொட்டையாக நிற்கும். அதனால் மணலோடு கலந்துதான் வீச வேண்டும்.

எங்கள் இருவருக்கும் அந்த வீச்சு வரவில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்த அத்தை பத்து நிமிஷம் பொறுத்தார்கள். பிறகு எழுந்து கூடையை வாங்கிக்கொண்டார்கள். பேசவே இல்லை. முழு ஏக்கரும் அவர்கள் வீசியதுதான். நடுநடுவே சால் விட்டுத் துவரை போடச் சொன்னார்கள். சாமை அறுத்த பிறகும் துவரை நிற்கும், காடு சும்மா கிடக்காது என்று.

ஆகஸ்ட் 10

களை. எட்டு ஆள். முளைத்த சாமையும் புல்லும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. கூலிக்கு வந்த இளம் பெண்கள் இரண்டையும் பிடுங்கினார்கள். நானும்தான்.

செப்டம்பர் 14

குருவி! இந்தச் சுற்றுவட்டாரத்தில் கதிர் விட்டிருப்பது எங்கள் ஒரு ஏக்கர்தான். சுற்றிலும் மரவள்ளியும் மஞ்சளும் கரும்பும். ஊரே சாமை போட்ட காலத்தில் ஊர்க்குருவி எல்லாக் காட்டுக்கும் பிரிந்து போயிருக்கும். இப்போது மொத்தமும் எங்களிடம். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தகர டப்பாவோடு உட்கார்கிறான். முதல் இரண்டு நாள் விளையாட்டாக இருந்தது, மூன்றாம் நாளே சம்பளம் கேட்டான்.

அக்டோபர் 16

அறுப்பு முடிந்தது. கடைசி நேரத்தில் ஒரு மழை வந்து கொஞ்சம் சாய்த்துவிட்டது, அதில் உதிர்ந்தது குருவிக்கு.

களம் என்று ஒன்று ஊரில் இருந்தது. அந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி. எல்லோரையும் போல நாங்களும் தார் ரோட்டில் பரப்பிவிட்டோம். போகிற வருகிற வண்டிகள் மிதித்துக்கொடுத்தன. தூற்றி எடுத்ததில் 480 கிலோ. கூடவே ரோட்டுக் கல்லும். அது எவ்வளவு பெரிய வம்பு என்று அப்போது தெரியவில்லை.

தாள் மாட்டுக்கு. மாடு மட்டும் மறுபேச்சில்லாமல் தின்கிறது.

அக்டோபர் 24

வியாபாரி வந்தார். உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்த்தார். "கல்லு இருக்குதே அண்ணே" என்று, நாங்கள் கிலோவுக்கு 40 ரூபாய் கேட்டதை 38 ஆக்கினார். டவுன் கடையில் சாமை அரிசி கிலோ 110க்கு விற்பதை நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கல் எடுக்கிற மெஷின், உமி உரிக்கிற மெஷின், சலிக்கிற மெஷின் மூன்றும் வைத்திருப்பவனுக்குத்தான் அந்த விலை, எனக்கே இல்லை என்றார். நூறு கிலோ சாமையில் அறுபது, அறுபத்தைந்து கிலோதான் அரிசி, மீதி உமியும் தவிடும் நொறுங்கலும்.

எங்கே போகிறது என்று கேட்டேன். கொஞ்சம் இங்கேயே மில்லுக்கு, மீதி நாசிக் என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. மகாராஷ்டிரத்தில் சாமையை வரி என்கிறார்களாம், விரத நாளில் நெல்லரிசிச் சோறு உண்ணாதவர்கள் அதைப் பொங்கிச் சாப்பிடுவார்களாம், அதனால் நாசிக்கில் மில்கள் ரொம்ப நாளாக இருக்கின்றனவாம்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் பதினைந்து வருஷம் விளைவித்த மரவள்ளி ஜவ்வரிசியாகி அதே ஊர்க்காரர்களின் விரதக் கிச்சடிக்குத்தான் போனது. இப்போது சாமையும் அங்கேயே. பயிரை மாற்றினோம், சாப்பிடுகிற ஆளை மாற்றவில்லை போலிருக்கிறது.

400 கிலோ கொடுத்தோம். 15,200 ரூபாய். உழவு, களை, அறுப்புக் கூலி போக ஆறாயிரத்துச் சொச்சம். எங்கள் இருவர் உழைப்பும், அத்தை வீசியதும், பையனின் டப்பாவும் இதில் சேராது. ஆனால் மூன்று மாதத்தில் வந்த பணம், துவரை இன்னும் நிற்கிறது. மோசமில்லை.

நவம்பர் 5

வீட்டுக்கு வைத்த 80 கிலோவில் விதைக்கு எடுத்தது போக மீதியை மில்லுக்குக் கொண்டுபோனோம். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். இந்த அளவுக்காக மெஷினை ஓட்ட முடியாது, பத்து மூட்டையாகச் சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். திரும்பிவிட்டோம்.

காத்திருந்தபோது அங்கே மூட்டை பிடித்துக்கொண்டிருந்த அரிசியைப் பார்த்தேன், வெள்ளை வெளேரென்று. தவிடு முழுக்கப் போய்விட்டதே என்றதற்கு, தவிடு ஒட்டியிருந்தால் நாள்பட்டுக் காறல் வாடை அடிக்கும், கடைக்காரர் திருப்பிவிடுவார், வாங்குகிறவர்களுக்கும் பழுப்பாக இருந்தால் பழசு என்று தோன்றுகிறது என்றார் மில்காரர். சர்க்கரை வியாதிக்கு நார்ச்சத்து வேண்டும் என்று நெல்லரிசியை விட்டு ஓடிவருகிறார்கள். வந்த இடத்தில் நெல்லரிசி மாதிரியே வெள்ளையாக வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது!

நவம்பர் 19

கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த உரலைக் கழுவி நிமிர்த்தினேன். உலக்கை பரணில் இருந்தது, பூண் துருப்பிடித்து.

அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "நான் தொட மாட்டேன்" என்றார்கள். சொல்லிவிட்டு விட்டுப்போகவும் இல்லை. எவ்வளவு போட வேண்டும், எங்கே காலை வைக்க வேண்டும், எப்போது நிறுத்திப் புடைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வந்தது. "மில்லு வந்து நெல்லு அரைச்சப்ப பாதி ஆறுச்சி. ரேஷன்ல ஒரு ரூவா அரிசி போட்டப்பறந்தான் எங்க கை முழுசா ஆறுச்சி. நீங்க மறுபடியும் சாமை சாமைங்கறீங்க."

ஒரு ரூபாய் அரிசி 2008இல் வந்தது. 2011இலிருந்து அதுவும் இலவசம். பாரம்பரிய உணவை நாம் தொலைத்துவிட்டோம் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் தொலைக்கவில்லை. அத்தை கையிலிருந்து இறக்கி வைத்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டு படி சாமை. நானும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிக் குத்தினோம். ஆண்பிள்ளை உலக்கை பிடித்ததைப் பார்க்கப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தார்கள். குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, கல் பொறுக்கி, ஒன்றேகால் மணி நேரம். கிடைத்தது ஒரு படிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

"ஏழு பேரு வீட்டுல. தெனமும்" என்றார்கள் அத்தை. வேறெதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 20

சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு. பையன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ரேஷன் அரிசிச் சோறு இருக்கிறதா என்றான். வீட்டுக்காரர் மூன்று தடவை போட்டுக்கொண்டார், கை வலிக்கு ஈடாக இருக்க வேண்டும்.

அத்தை முதலில் வேண்டாம் என்றார்கள். அப்புறம் ஒரு கரண்டி வாங்கி, நெடுநேரம் மென்றார்கள்.

"கல்லு கெடக்குது" என்றார்கள். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

டிசம்பர் 3

மீதிச் சாமை பானையில் வேப்பிலை போட்டுக் கட்டியாயிற்று. சித்தேரி மலையடிவாரத்தில் நாலு பேர் அடுத்த வருஷம் போடுவதாகச் சொல்கிறார்கள். சேர்ந்தால் பத்து மூட்டை தேறும், மில்காரர் மெஷினை ஓட்டுவார். வீட்டுக்காரர் அவர்களைப் பார்க்கப் போயிருக்கிறார். உரல் மறுபடியும் கோழிகளிடம்.