சேலைக்குள் மறைந்த முழங்கால்

கிளிநொச்சியில் இன்று ஒரு வீட்டு விறாந்தை. அம்மம்மா கதிரையிலிருந்து எழும்புறா, இருக்கிறா. போன் கமராவால் பார்த்து எண்ணும் பயிற்சிச் செயலி ஒன்றைக்கூட எண்ணவில்லை.

காரணம் சேலை.

இப்படியான செயலிகளுக்குள் இயங்கக்கூடிய மீடியாபைப் என்ற மென்பொருள், கமராப் படத்தைப் பார்த்து உடம்பில் 33 புள்ளிகளை ஊகிக்கும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் வைத்து மடக்கும் கோணத்தைக் கணக்கிடலாம். துணி மறைத்தாலும் புள்ளி விழும், ஆனால் இடம் மாறி விழலாம்.

சாரமென்றால் மடித்துக் கட்டலாம். சேலையைத் தூக்கச் சொல்லி ஒரு மூத்த மனுசியைக் கூச்சப்படுத்தாதேங்கோ. மகள் பக்கத்தில் நின்று எண்ணினால் போதும்.

போனைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், தலை முதல் பாதம் வரை தெரிய வையுங்கோ. முன்னால் வைத்தால் முழங்கால் மடங்குவது சரியாகப் பிடிபடாது. முற்றத்து வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஆள் வெறும் நிழல்தான்.

கதிரை ஏறத்தாழ 43 செ.மீ. உயரம் இருக்கட்டும். பிளாஸ்டிக் கதிரை சீமெந்தில் வழுக்கும், சுவரோடு அணைத்துத்தான் வைக்க வேணும்.

வன்னியில் இன்னொன்றும் கவனிக்க வேணும். காலிழந்த ஒருவர் கமராவுக்கு முன்னால் நின்றால், இல்லாத காலுக்கும் மென்பொருள் புள்ளி குத்தக்கூடும். அந்தக் கோணத்தை நம்பிப் பயிற்சியைக் கூட்டாதேங்கோ. அதை பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.