ஜே-1 போகிற பிள்ளைகள் முதலில் தேட வேண்டியது கட்டில்

அக்டோபர் பிறந்தால் போதும், அயர்லாந்து கல்லூரிகளில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். அடுத்த கோடைக்கு எந்த ஊர்? பாஸ்டனா, சிகாகோவா, சான் டியாகோவா? "ஜே-1 போறோம்" என்பார்கள், அவ்வளவுதான். அது கல்லூரி மாணவர்கள் கோடையில் அமெரிக்கா போய் வேலை பார்க்கத் தருகிற ஒரு விசாவின் பெயர் என்பதே பாதிப் பேருக்கு மறந்து போயிருக்கும். 1960களிலிருந்து நடக்கிற சமாச்சாரம் இது. இன்றைக்குக் கிளம்புகிற பையனின் அப்பாவே தன் காலத்தில் ஒரு கோடை முழுக்க நியூயார்க்கில் பெயின்ட் அடித்துவிட்டு வந்திருப்பார், அதனால் வீட்டில் பெரிதாக யாரும் தடுப்பதில்லை.

நம் வீடுகளில் கதை வேறு. நர்ஸ் வேலைக்கும் ஐடி வேலைக்கும் டப்ளினுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நம் ஆட்களின் பிள்ளைகள் இப்போது ஐரிஷ் பாஸ்போர்ட்டோடு கல்லூரியில் இருக்கிறார்கள், கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் போகும்போது இவர்களுக்கும் போக வேண்டும், அம்மா அப்பாவுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கிறது. டப்ளினுக்கு வருவதற்கு முன் நான் சில வருஷம் பாஸ்டனை ஒட்டிய குவின்ஸியில் இருந்தேன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வருகிறது. போன வாரம் தோழியின் மகள் வந்தாள், இருபது வயது, வகுப்புத் தோழிகள் நாலு பேரோடு திட்டம் போட்டிருக்கிறாள்.

"ஆன்ட்டி, சான் டியாகோல மிஷன் பீச்சுல ஒரு வீடு பாத்திருக்கோம். இன்னும் அஞ்சு பேர் சேந்தா ரொம்ப சீப்பா வரும்."

"பத்துப் பேருக்கு எத்தனை பாத்ரூம்?"

பதில் இல்லை. போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்று.

சரி, வீட்டுக்குப் பிறகு வருகிறேன். முதலில் நடைமுறை. 2015 வரை ஐரிஷ் மாணவர்கள் வேலை இல்லாமலே விசா வாங்கிப் போகலாம், அங்கே இறங்கி ஒவ்வொரு கடையாக ஏறி விண்ணப்பம் கொடுத்து வேலை தேடிக்கொள்ளலாம். 2016 கோடையிலிருந்து அது முடிந்துபோனது. வேலை கையில் இருந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஒரு ஸ்பான்சர் நிறுவனம் அந்த வேலையைச் சரிபார்த்து டிஎஸ்-2019 என்கிற படிவத்தைக் கொடுக்கும், அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். இங்கே யூசிட், சேயிட் மாதிரி ஏஜென்சிகள் இடையில் நின்று இதைச் செய்து தருகிறார்கள், கட்டணம் உண்டு. அந்த மாற்றம் வந்தபோது மாணவர்கள் பெரிய கூச்சல் போட்டார்கள். எனக்கு அதில் இரண்டு மனம். வேலை கிடைக்காமல் ஜூலை வரை அலைந்து, கொண்டுபோன காசைத் தின்று தீர்த்துவிட்டு வீட்டுக்கு போன் போடுகிற கதைகள் குறைந்திருக்கின்றன, அது நல்லது. ஆனால் பார்க்காத முதலாளிக்கு ஆறு மாதம் முன்பே தலையாட்டிவிட்டுப் போகிறோம், போன பிறகு வேலை சரியில்லை என்றால் ஸ்பான்சரிடம் சொல்லி, புது வேலையை அவர்கள் சரிபார்த்த பிறகுதான் மாற முடியும். பக்கத்தில் இரண்டாவது வேலை பார்ப்பதற்கும் அதே அனுமதி வேண்டும். சொல்லாமல் செய்தால் விசாவே போய்விடும், இதைப் பிள்ளைகள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

"விசா எதுக்கு, ஈஎஸ்டிஏல போயிட்டு கையில காசு வாங்கிக்கலாம்" என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவன் சொல்வான். அவன் பேச்சைக் கேட்காதீர்கள். 90 நாள் சுற்றுலா அனுமதி அது, அதில் வேலை செய்து மாட்டினால் பிறகு அந்த நாட்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போவதே சிக்கலாகிவிடும்.

இப்போது வீடு. வேலை இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்று சட்டம் போட்டவர்கள் படுக்க இடமில்லாமல் போவதைத் தடுக்கவில்லை, கோடை கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். குவின்ஸியில் எங்கள் கீழ்வீட்டுக்கு ஒரு ஜூன் மாதம் ஐரிஷ் பையன்கள் வந்தார்கள். இரண்டு படுக்கையறை. வாடகை ஒப்பந்தத்தில் மூன்று பெயர், உள்ளே தரை முழுக்கக் காற்றடிக்கிற மெத்தை. பாரில் வேலை பார்க்கிறவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து சமைப்பார்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும், நடுவில் யார் எப்போது தூங்கினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தங்கமான பையன்கள், பனிக்காலத்துக்கு முன் எங்கள் வீட்டு ஏசி பெட்டியை ஜன்னலிலிருந்து இறக்கித் தர முடியாமல் போகிறோமே என்று வருத்தப்பட்டவர்கள். ஆனால் ஜூலை முடிவதற்குள் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்து, பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதாகிவிட்டது. பாஸ்டன் நகரத்துக்குள் என்றால் ஒரே வீட்டில் முழுநேர இளங்கலை மாணவர்கள் நாலு பேருக்கு மேல் கூடாது என்று 2008இலிருந்து விதியே இருக்கிறது.

ஆனால் பாஸ்டனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அது கல்லூரி ஊர், அங்கே பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் செப்டம்பர் 1 தொடங்கி ஆகஸ்ட் 31இல் முடியும். உள்ளூர் மாணவர்கள் மே மாதமே ஊருக்குப் போய்விடுவார்கள், மூன்று மாத வாடகை தண்டமாகப் போகிறதே என்று அறையை உள்வாடகைக்கு விடுவார்கள். ஐரிஷ் மாணவர்களுக்கு வேண்டியதும் சரியாக அந்த மூன்று மாதம்தான். ஆல்ஸ்டன், மிஷன் ஹில் பக்கம் தேடினால் மேசை நாற்காலியோடு அறை அகப்படும். மாதம் ஆயிரம் டாலருக்குள் ஓர் அறை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளலாம், ஆனால் பணம் அனுப்பும்போது மட்டும் கண்ணைத் திறந்து வையுங்கள். வீடியோவில் வீட்டைக் காட்ட மாட்டேன், முன்பணத்தை மட்டும் இன்றைக்கே அனுப்பு என்கிறவன் திருடன். வீட்டுக்காரர் உள்வாடகைக்குச் சம்மதித்திருக்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் ஒரு பொறி: ஆகஸ்ட் 31 இரவு. அன்றைக்கு ஊரில் பாதி வீடு காலியாகிக்கொண்டிருக்கும், அடுத்த நாள் காலை தெருவெல்லாம் லாரியும் தூக்கியெறிந்த சோபாவுமாக இருக்கும், உங்கள் சாவி செல்லாது. செப்டம்பரில் சுற்றிவிட்டுத் திரும்பலாம் என்று நினைக்கிறவர்கள் (வேலைக்காலம் முடிந்த பிறகு 30 நாள் வரை ஊர் சுற்றலாம்) அன்றைக்கே பஸ்ஸோ விமானமோ ஏறுகிற மாதிரி டிக்கெட் போட்டுவிடுவது நல்லது.

சிகாகோவில் ரிக்லிவில், லேக்வியூ பக்கம் ஐரிஷ் கூட்டம் அதிகம், ரயில் வசதி உண்டு. நியூயார்க் என்றால் பிராங்க்ஸில் உட்லான், குவீன்ஸில் உட்சைடு. எந்த ஊரானாலும் வேலையிடத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் ராத்திரி ஒரு மணிக்கு வண்டி ஓடுமா என்று பார்ப்பதுதான் என் ஒரே சோதனை. பாஸ்டனில் பெரும்பாலான நாட்கள் ஓடாது, ஒரு மணி வாக்கில் ரயில் நின்றுவிடும், பாரில் ஷிப்ட் அதற்கு மேலும் இழுக்கும். டிப்ஸில் பாதி டாக்ஸிக்குப் போகும்.

டிப்ஸ் என்றதும் சம்பளக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அயர்லாந்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தலைகீழாகத் தெரியும். மாசச்சூசெட்ஸில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்குகிற வேலை என்றால் முதலாளி 6.75 டாலர் கொடுத்தால் போதும், மீதி டிப்ஸில் வர வேண்டும், டிப்ஸ் சேர்த்தும் 15 வரவில்லை என்றால்தான் பள்ளத்தை அவர் நிரப்ப வேண்டும். அமெரிக்க மத்திய சட்டத்தில் அந்த அடிக்கூலி வெறும் 2.13 டாலர், பல மாநிலங்களில் இன்றும் அதுதான். கலிபோர்னியாவில் இந்தத் தந்திரம் கிடையாது, முழுக் குறைந்தபட்சக் கூலியும் கொடுத்து டிப்ஸும் தனியாக, ஆனால் அங்கே வாடகை அதைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் வேலைக் கடிதத்தில் "மணிக்கு இத்தனை" என்று இருந்தால், அது டிப்ஸுக்கு முன்னாலா பின்னாலா என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்க வெட்கப்படக் கூடாது.

இன்னொன்று, சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். ஜே-1 மாணவர்களுக்கு வருமான வரி பிடிப்பார்கள், ஆனால் அந்த நாட்டு ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் போகிற சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி பிடிக்கக் கூடாது. சின்ன உணவகங்களில் கணக்கு எழுதுகிறவருக்கு இது தெரியாமல் 7.65 சதவீதம் பிடித்துவிடுவார்கள், வாரம் 600 டாலர் சம்பளத்தில் கிட்டத்தட்ட 46 டாலர். முதல் சீட்டிலேயே பார்த்துச் சொன்னால் திருத்துவார்கள், ஊருக்குத் திரும்பிய பிறகு என்றால் படிவம் நிரப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வருஷ முடிவில், மொத்தச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டுகிற டபிள்யூ-2 சீட்டு வரும், ஜனவரியில்தான் அனுப்புவார்கள், அதற்கு அயர்லாந்து முகவரியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

இதையெல்லாம் விட பெற்றோர்கள் என்னிடம் மெல்லிய குரலில் கேட்பது பெர்க்லி. 2015 ஜூன் 16, நள்ளிரவு தாண்டி, கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் 21ஆவது பிறந்தநாள் விழா. பால்கனியில் 13 பேர் நின்றிருந்தார்கள், அது அப்படியே பிய்ந்து விழுந்தது. ஆறு பேர் இறந்துபோனார்கள். ஐந்து பேர் ஜே-1இல் போன ஐரிஷ் மாணவர்கள், ஒருவர் அயர்லாந்து வம்சாவளி அமெரிக்கர். ஏழு பேருக்குப் பலத்த காயம். இந்த நாடே அன்றைக்கு உறைந்துபோனது என்று அப்போது இங்கே இருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். மாணவர்கள் ஆட்டம் போட்டதால் விழுந்தது என்கிற தொனியில் அமெரிக்காவில் முதலில் சிலர் எழுதினார்கள், இங்கே கொதித்தெழுந்தார்கள், கொதிக்க வேண்டிய விஷயம்தான், ஏனென்றால் காரணம் தண்ணீர் இறங்கி உளுத்துப்போன மர உத்திரங்கள். கட்டியவர்கள் செய்த தப்பு அது. 2018இல் கலிபோர்னியா அடுக்குமாடிகளின் மரப் பால்கனிகளைக் குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. இதைச் சொல்லிப் பிள்ளையைப் போகவிடாமல் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்துப் பேர் வீட்டுக்கு இருபது பேர் விருந்துக்கு வந்தால் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கச் சொல்வேன், முகம் சுளித்தாலும் சொல்வேன்.

விசா நேர்காணல் டப்ளினில் பால்ஸ்பிரிட்ஜில், அந்த வட்டமான தூதரகக் கட்டடத்தில். கேள்விகள் சாதாரணம்: என்ன படிக்கிறாய், எப்போது திரும்புவாய். 2025 ஜூனிலிருந்து ஜே விசா கேட்கிறவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, விண்ணப்பத்திலும் கடந்த ஐந்து வருஷக் கணக்குப் பெயர்களைக் கேட்பார்கள். இருபது வயதுப் பிள்ளையின் இன்ஸ்டாகிராமை ஓர் அரசாங்கம் உட்கார்ந்து படிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மறைக்காமல் எழுதிக் கொடுப்பதுதான் நல்லது, மறைத்தது தெரிந்தால் அதுவே மறுப்புக்குக் காரணமாகும்.

மதுவுக்கு அங்கே 21 வயது ஆக வேண்டும், இங்கே 18. நம் பிள்ளை குடிக்காது என்று நம்புகிற பெற்றோர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள், வயதை மாற்றிய போலி அடையாள அட்டை அங்கே விளையாட்டு இல்லை, போலீஸ் கேஸ்.

ஏதாவது சிக்கல் என்றால் போய் நிற்க இடமும் இருக்கிறது. பாஸ்டனில் ரியன் மையம், சிகாகோவிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஐரிஷ் குடியேறிகளுக்கான மையங்கள், இவற்றுக்கு அயர்லாந்து அரசே நிதி கொடுக்கிறது. உன் நிறம் என்ன என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், ஐரிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நம் பிள்ளைக்கும் அது சொந்த இடம்தான். இதை மட்டும் தோழியின் மகளிடம் இரண்டு முறை சொன்னேன்.

மிஷன் பீச் வீட்டை அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். இப்போது புதுப் பேச்சு நான்டக்கெட், மாசச்சூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பால் இருக்கிற தீவு. ஒரு ஹோட்டல் இரண்டு பேருக்கு வேலையும் ஊழியர் விடுதியில் கட்டிலும் தருகிறதாம், வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். நகரம் வேண்டும் என்று மற்ற மூவரும் பாஸ்டனில் நிற்கிறார்கள். தீவு என்றதும் தோழிக்குப் பயம், நடுக்கடலில் என் பொண்ணை விடுவதா என்கிறாள். அங்கிருந்து கரையில் இருக்கிற ஹையானிஸுக்கு ஒரு மணி நேரத்தில் வேகப் படகு ஓடுகிறது, நானே போயிருக்கிறேன். வாரத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள், ஓர் அறையில் எத்தனை பேர், வேலையை விட்டால் எத்தனை நாளில் அறையைக் காலி பண்ண வேண்டும், இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். வீடியோ நேர்காணல் வியாழக்கிழமை.