பேட்டரி மாத்தப் போய் ரேடியோகிட்ட மாட்டிக்கிட்டேன்

என்கிட்ட இருக்கிறது 1999 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் கார், 986னு சொல்வாங்களே அது. பேட்டரி செத்துப்போச்சேன்னு நானே மாத்தினேன். முன்னாடி டிக்கியைத் தொறந்தா பேட்டரி, பெரிய வேலை ஒண்ணும் இல்ல. புதுசைப் போட்டு சாவியைத் திருப்பினா இன்ஜின் ஒரே சுத்துல பிடிச்சுக்கிச்சு, ஆஹான்னு ரேடியோ பட்டனை அழுத்தினேன், ஸ்கிரீன்ல 'கோட்'னு ஒரே வார்த்தை. அவ்வளவுதான், அதுக்கப்புறம் எதுக்கும் மசியல.

விஷயம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அந்தக் காலத்து செட்டெல்லாம் திருட்டுக்குப் பயந்து பண்ணது, கரண்ட் கட் ஆனா திருட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சுப் பூட்டிக்கும். நம்பர் எழுதின கார்டு ஒண்ணு மேனுவல் பையில இருக்கணும். என் பையில மேனுவல் இருக்கு, பழைய சர்வீஸ் பில் இருக்கு, கார்டு மட்டும் இல்ல. வண்டி வாங்குறப்போ சர்வீஸ் ஹிஸ்டரி, டயர், கிளட்ச்னு ஆயிரம் கேள்வி கேட்ட நான் ரேடியோ கோடு எங்கன்னு கேக்கவே இல்ல. பழைய ஓனருக்கு போன் போட்டா அந்த நம்பரே இப்ப உபயோகத்துல இல்லையாம்.

இங்கதான் முதல் முட்டாள்தனம். சும்மா பாப்போமேன்னு நாலு சைபர் போட்டேன், அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு நாலு, அப்புறம் வண்டி வருஷம். மூணாவது தப்புக்கு 'வெயிட்'னு வந்துடுச்சு. சரி, ஆஃப் பண்ணிட்டுப் போய்ப் படுப்போம், காலைல சரியாயிடும்னு விட்டேன். காலைலயும் அதே வெயிட். ராத்திரி முழுக்க அது காத்துக்கிட்டு இருக்கும்னு நான் நெனச்சேன், அது என்னடான்னா செட் ஆன்ல இருந்தாத்தான் நேரத்தையே எண்ணுமாம்! ஒரு மணி நேரம் செட்டை ஆன்லயே விடணும், நடுவுல ஆஃப் பண்ணா மறுபடி முதல்ல இருந்து. பழைய பேட்டரின்னா பக்கத்துல சார்ஜரும் மாட்டிக்கோங்க, இல்லன்னா பாதில தொங்கிடும்.

அடுத்து ஷோரூம் சர்வீஸ் கவுண்டர். வண்டி பேப்பர், என் ஐடி எல்லாம் கொண்டுபோனேன். அங்க இருந்தவர் நிமிர்ந்து கூட பாக்கல, சேஸிஸ் நம்பரைத் தட்டினார், ஒரு துண்டுச் சீட்டுல நம்பர் எழுதிக் குடுத்தார், "போட்டுக்கோங்க சார்"னார். அடேயப்பா இவ்வளவு சுலபமான்னு பார்க்கிங்கிலயே உக்காந்து போட்டேன். தப்பு. சரியாத்தான் அழுத்தினேனான்னு சந்தேகம், இன்னொரு தடவை. தப்பு. திரும்ப உள்ள ஓடினா, "எங்க ரெக்கார்டுல அதான் சார் இருக்கு, வேற ஒண்ணும் பண்ண முடியாது"னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்.

காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. சேஸிஸ் நம்பரை வெச்சு அவங்க குடுக்கிறது ஃபேக்டரில மாட்டின செட்டோட கோடு. என் வண்டில யாரோ நடுவுல செட்டை மாத்தியிருக்காங்க, அதே பெக்கர் கம்பெனி சிடி செட்தான், அதே முகம், ஆனா வேற பெட்டி. அதோட கோடு வேணும்னா பெட்டி மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கிற சீரியல் நம்பர் வேணும், அதுக்கு செட்டை வெளிய எடுக்கணும். இதை கவுண்டர்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு அரை நாள் மிச்சம். செகண்ட் ஹேண்ட் வண்டின்னா முதல்ல செட்டை உருவிப் பாத்துட்டு அப்புறமா அங்க போங்க.

உருவுறது தனிக் கதை. 'ரேடியோ சாவி'ன்னு கேட்டு வாங்கினேன், வந்தது யூ மாதிரி வளைச்ச கம்பி, முகத்துல நாலு ஓட்டை இருக்கிற செட்டுக்கு ஆனது. என் செட்டுல ஓட்டையே இல்ல, ரெண்டு பக்கமும் மெல்லிசா கீறல் மாதிரி ஒரு சந்துதான். அதுக்குத் தட்டைத் தகடு மாதிரி சாவி, பாதி வழில ஒரு வெட்டு இருக்கும். மறுபடி ஆர்டர், மறுபடி காத்திருப்பு. எந்தப் பக்கம் பாத்து விடணும்னு பாத்து விடுங்க, திருப்பி விட்டா சிக்கிக்கும். 'க்ளிக்'னு சத்தம் கேட்டதும் சாவி ரெண்டையும் பிடிச்சு நேரா இழுக்கணும், வால்யூம் குமிழைப் பிடிச்சு இழுத்தா குமிழ்தான் கைல வரும். செட் வெளிய வந்தப்புறம் பக்கவாட்டுல ஒரு ஸ்பிரிங் இருக்கும், அதை உள்ள அமுக்கினாத்தான் சாவி வெளிய வரும்.

சாவிக்காகக் காத்திருந்தப்போ ஒரு ஆடியோ கடையிலயும் கேட்டுப் பாத்தேன், "இதெல்லாம் எதுக்கு சார், தூக்கிப் போட்டுட்டு புது டச் ஸ்கிரீன் போடுங்க, ஒயரை வெட்டி ஜாயின்ட் பண்ணிக்கலாம்"னார். வெட்டவே விடாதீங்க. இந்த வயசு வண்டில செட்டுக்குப் பின்னாடி ஐஎஸ்ஓங்கிற பொதுவான ப்ளக்தான், அடாப்டர் கிடைக்கும். பவர் ப்ளக்ல நாலாம் நம்பர் பின் எப்பவும் கரண்ட், ஏழாம் நம்பர் சாவி போட்டா கரண்ட், இது ரெண்டும் இடம் மாறியிருந்தா புது செட் சாவியை எடுக்கும்போதெல்லாம் எல்லா ஸ்டேஷனையும் மறந்துடும். ஆன்டெனாவுக்கு பூஸ்டர் இருக்கு, அதுக்குக் கரண்ட் குடுக்கலன்னா எஃப்எம் கரகரதான். 2003 மாடல்ல இருந்து வந்ததுல, ஆம்ப்ளிஃபயர் இருந்தா அதுக்கு சிக்னல் ஃபைபர் கேபிள்ல போகும், அங்க சாதாரண செட்டை நேரா மாட்ட முடியாது. எனக்கு அந்த பழைய டேஷ்ல பளபளன்னு ஒரு ஸ்கிரீன் எரிஞ்சா கண்ணு உறுத்தும், அதனால முடிஞ்ச வரைக்கும் பழசுதான்னு இருந்தேன்.

சரி, செட் மடில வந்து விழுந்துச்சு. சீரியல் நம்பரைத் தேடி டார்ச் அடிச்சா, ஸ்டிக்கருக்குப் பக்கத்துல பழுப்பேறின மாஸ்கிங் டேப், அது மேல மார்க்கர்ல நாலு நம்பர்! எவனோ ஒரு புண்ணியவான் எழுதி ஒட்டியிருக்கான். கை நடுங்க பாத்தேன். முதல் மூணு தெளிவா இருக்கு, கடைசி நம்பர் மட்டும் ஒண்ணா ஏழான்னு தெரியல. மேல இருந்து சாஞ்ச கோடு, கீழ நேர் கோடு. ஷோரூம்ல ரெண்டு தப்பு போட்டாச்சு, மிச்சம் ஒண்ணுதான். யோசிச்சு ஏழு போட்டேன். வெயிட்.

இந்தத் தடவை ஆஃப் பண்ணல. சார்ஜரை மாட்டிட்டு செட்டை ஆன்ல விட்டுட்டு பக்கத்துலயே உக்காந்து கடிகாரத்தையும் டேப்பையும் மாறி மாறி பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி கோட்னு கேட்டுச்சு. ஒண்ணு போட்டேன். ஒரு செகண்ட் ஒண்ணும் இல்ல, அப்புறம் ஸ்பீக்கர்ல இருந்து 'உஸ்ஸ்'னு ஸ்டேஷன் இல்லாத இரைச்சல். அவ்வளவு இனிமையான இரைச்சலை நான் கேட்டதே இல்ல.

நம்பரை மூணு இடத்துல எழுதி வெச்சாச்சு. அடுத்த தடவை பேட்டரி மாத்துறப்போ இன்னொரு பேட்டரியை இணையா மாட்டிட்டுத்தான் பழசைக் கழட்டுவேன். பேட்டரி கழட்டினதுல ஜன்னல் கண்ணாடியும் எங்க நிக்கணும்னு மறந்துபோயிருந்துச்சு, மேல ஏத்தி பட்டனைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா சரியாயிடுச்சு.

அப்புறம் எஜெக்ட் அழுத்திப் பாத்தேன், உள்ள ஒரு சிடி மாட்டியிருந்திருக்கு, மெதுவா வெளிய வந்துச்சு. வீட்டுல எழுதின சிடி, அதே மார்க்கர், அதே கையெழுத்து, பாட்டு நம்பர் ஒண்ணுல இருந்து பதினேழு வரைக்கும் வரிசையா எழுதியிருக்கு. ஏழுக்கு நடுவுல ஒரு குறுக்குக் கோடு போடுற ஆளு.