501-ஆவது யூனிட்

எங்கள் வீட்டில் பட்ஜெட் போடுவது மனைவி. அதில் துண்டு விழுந்தால் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அலைவது நான்.

அவளைக் குறை சொல்ல வழியே கிடையாது. காய்கறிக்கு அம்மாபேட்டை உழவர் சந்தை, அதுவும் வெயில் ஏறுவதற்குள். பருப்பு, புளி, மிளகாயெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாக. மூட்டை தூக்கக்கூட என்னைக் கூட்டிப் போவதில்லை. டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு உண்டு. அந்தக் காசுக்கு அரைக் கிலோ தக்காளி வருமாம். ரேஷன் பாமாயிலில் அவள் போட்ட போண்டாவைத் தின்றுவிட்டு, "கடலெண்ணெயா?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

கரண்டு பில் மட்டும் என் இலாகா. மீட்டர் பெட்டி உயரத்தில் இருப்பதால் கிடைத்த பதவி.

அதில் அப்போது ஒரு சூட்சுமம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள். அன்றைய கட்டணப்படி முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால், 101 முதல் 200 வரைக்கும் யூனிட்டுக்கு இரண்டு ரூபாய்ச் சொச்சம்தான். 500-ஐத் தாண்டி ஒரே ஒரு யூனிட் ஓடிவிட்டாலும் அதே நூறு யூனிட்டும் நாலு ரூபாய்ச் சொச்சத்துக்குத் தாவிவிடும். ஆக, அந்த 501-ஆவது யூனிட் ஒன்றுக்கு மட்டும் ஏறக்குறைய 240 ரூபாய். சீசனில் அந்தக் காசுக்கு மாம்பழம் வாங்கினால் வீடே இரண்டு நாள் மணக்கும்.

சேலத்து மே மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் மலை, நடுவில் நாம், அடுப்பில் வைத்த வாணலி மாதிரி. கணக்கெடுக்க ஆள் வருவதற்கு இருபது நாள் இருக்கும்போது ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். 360 ஓடியிருந்தது. அன்றே அவசரச் சட்டம் பிறப்பித்தேன். ஏசி ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும். அயர்ன் பாக்ஸ் பீரோவுக்குள். இட்லி மாவு ஆட்டுக்கல்லில்.

சட்டத்தை முதலில் வழிமொழிந்தவர் அம்மா. "நாங்கல்லாம் விசிறி மட்டையோட வளர்ந்தவங்கடா" என்றார். ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தது என்னவோ நான்தான். நாலு டம்ளர் அரிசி ஆட்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஒன்பதாவது படிக்கும் மகன் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டான். "அப்பா, கிரைண்டர் 150 வாட். அரை மணி நேரம் ஓடினா பத்துல ஒரு பங்கு யூனிட்கூட வராது." மனைவி எதுவும் பேசவில்லை. தைலம் வாங்கிய செலவை மட்டும் நோட்டில் என் பேருக்கு நேராக எழுதினாள். இஸ்திரி வண்டிக்காரருக்குக் கொடுத்ததும் அதே பக்கத்தில்தான் ஏறியது.

தினமும் காலையில் ஸ்டூலில் ஏறி இறங்குவது வழக்கமாகிவிட்டது. "ஸ்கோர் என்னப்பா?" என்பான் மகன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கோர் 463. வெள்ளிக்கிழமை ஆள் வர வேண்டும். நாளுக்கு ஏழு என்று ஓடினாலும் 498-ல் தப்பித்துவிடலாம். ஆனால் அன்றைய வெயில் காலை ஒன்பது மணிக்கே பல்லைக் காட்டியது. பகல் முழுக்க ஏசி போடாமல் இருக்க முடியாது, போட்டால் கணக்கு உதைக்கும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "வீட்ல இருந்தாத்தானே ஏசி? ஏற்காட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்!"

அம்மா வரவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவில் மூன்றாவதிலேயே அவருக்கு வயிற்றைப் புரட்டும். நாங்கள் மூன்று பேர் மட்டும் பஸ் ஏறினோம். வளைவு ஏற ஏறக் காற்று மாறியது. மனைவி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஓசி ஏசிங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் யோசனை ஒன்றை அவள் பாராட்டியது அப்போதுதான்.

ஓசியெல்லாம் ஏரிக்கரை வரைக்கும்தான். படகு, மிளகாய் பஜ்ஜி, பிரட் ஆம்லெட், மறுபடியும் மிளகாய் பஜ்ஜி. "மலைக்கு வந்துட்டு வெறுங்கையோட போறதா?" என்று காப்பித்தூள், மிளகு. மகனுக்குக் குளிர்கிறது என்று ஒரு குல்லா. மே மாதத்தில்! இறங்கும்போது மனைவி நோட்டில் கூட்டிப் பார்த்தாள். ஏசிக்கு மிச்சம் பிடித்தது எட்டு யூனிட். செலவு 1,460 ரூபாய். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடிவாரம் வரைக்கும் வந்தோம். நல்ல நாள்தான், பொய் சொல்லக் கூடாது.

வீட்டுக்குள் நுழைந்தால் ஏற்காட்டைவிடக் குளிர்ந்தது.

நாமக்கல்லில் இருந்து அக்கா வந்திருந்தாள், மூன்று பிள்ளைகளோடு. காலையில் நாங்கள் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வந்துவிட்டார்களாம். ஏசி 18-ல் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டிவி பார்த்தார்கள். காற்று ஹாலுக்கும் வரட்டும் என்று ரூம் கதவு விரியத் திறந்திருந்தது. விசிறி மட்டையோடு வளர்ந்தவர் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா..." என்று இழுத்தேன்.

"பிள்ளைங்களுக்கு வேர்க்குதுடா. வாயில்லா ஜீவனுங்க" என்றார். அந்த வாயில்லா ஜீவன்களில் மூத்தது, "அம்மாயி, இன்னும் கொறைங்க" என்று கத்தியது.

"உன் வீடு எவ்வளவு ஜில்லுன்னு இருக்குடா! புதன்கிழமை வரைக்கும் இருந்துட்டுப் போறோம்" என்றாள் அக்கா. கூடப் பிறந்தவளிடம் 501-ஆவது யூனிட்டின் விலையை எப்படி விளக்குவது? "வெள்ளிக்கிழமை வரைக்கும் இரேன்க்கா" என்றேன். வாய் இருக்கிறதே, அதற்கு மீட்டர் கிடையாது. அவள் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை கணக்கெடுக்கும் தம்பி சொன்ன தேதிக்குச் சரியாக வந்தார். அட்டையை நீட்டினேன். பார்த்து எழுதினார்: 512.

அம்மா ஒரு சொம்பு மோரோடு வாசலுக்கு வந்தார். உழவர் சந்தையில் முப்பது ரூபாய்க் கத்தரிக்காயை இருபத்தைந்துக்குக் கேட்கும்போது வருமே ஒரு குரல், அதே குரல். "ஏந்தம்பி, ஒரு பன்னண்டு யூனிட்டுதானே? ரவுண்டா ஐந்நூறுன்னு போட்டுக்கக் கூடாதா?"

அவர் மோரைக் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் போட்டாலும் மெஷின் கேக்காதுங்க பாட்டி."

பில் இரண்டாயிரத்து நூறைத் தாண்டியிருந்தது. அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"ரெண்டாயிரத்துக்கு யாவாரம். கொசுறா ஒரு கொத்து கறிவேப்பிலை உண்டா, பாரு."