டொமைன் யார் பெயரில் இருக்கிறது? எஸ்.இ.ஓ. ஆலோசகர் தேடிய கதை

கோவை ஆவாரம்பாளையத்தில் எங்களுடையது டில்டிங் கிரைண்டர் செய்யும் சிறிய பட்டறை. ஓட்டல்கள், மெஸ்கள், மாவு வியாபாரிகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். பட்டறையைக் கணவரும் கொழுந்தனாரும் பார்த்துக்கொள்கிறார்கள். கணக்கும் இணையதளமும் என் பொறுப்பு. எஸ்.இ.ஓ. என்றால் கூகுள் தேடலில் நம் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலை. அதை இங்கே விரிவாக விளக்கப் போவதில்லை. அந்த வேலைக்கு நம்பகமான ஆள் கிடைப்பதற்குள் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

முதலில் எங்களுக்கு வேலை செய்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தளம் செய்தது, டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) பதிந்தது, மாதக் கட்டணத்துக்கு எஸ்.இ.ஓ. பார்த்தது எல்லாம் அவர்கள்தான். மாதம் பிறந்தால் பச்சை அம்புக்குறிகளோடு ரிப்போர்ட் வந்துவிடும். 'கமர்ஷியல் டில்டிங் வெட் கிரைண்டர் மேனுஃபேக்சரர் இன் ஆவாரம்பாளையம்' என்ற தேடலுக்கு நாங்கள் முதலிடம்! பெங்களூரில் ஓட்டல் நடத்துகிறவருக்கு ஆவாரம்பாளையம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. இதைக் கூகுளில் யார் தட்டப்போகிறார்கள்? எவரும் தேடாத சொல்லில் முதலிடம் பிடிக்க ஆளே தேவையில்லை. எங்கள் நிறுவனப் பெயரைத் தட்டினால் நாங்களே முதலில் வருகிறோம் என்பதையும் சாதனைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

அம்புகள் மேலே போகப் போக விசாரணை அழைப்புகள் குறைந்துகொண்டே வந்தன. கேட்டால், "கூகுள் அப்டேட் அக்கா, எல்லோருக்கும் இப்படித்தான்" என்பார் அங்கிருந்த பையன். அப்டேட் என்பது அவர்களுக்குச் சகலரோக நிவாரணி. சர்ச் கன்சோலை நானே பார்க்க அனுமதி கொடுங்கள் என்றால், "அது டெக்னிக்கல் அக்கா, உங்களுக்குக் குழப்பமாக இருக்கும்" என்று பதில். இந்தப் பதிலை எந்த ஆலோசகர் சொன்னாலும் அன்றே கணக்கை முடித்துவிடுங்கள். சர்ச் கன்சோல் கூகுளே தரும் இலவசக் கருவி. எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்ற கணக்கு 16 மாதங்களுக்கு அதில் இருக்கும். கூட்டிக் கழிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும்.

பிறகு விமர்சனங்கள். கூகுள் தேடலிலும் மேப்பிலும் தெரியும் எங்கள் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் திடீரென்று ஐந்து நட்சத்திரங்கள் கொட்டின. அதில் ஒன்று: 'சாப்பாடு அருமை, குடும்பத்துடன் செல்ல ஏற்ற இடம்.' கிரைண்டர் பட்டறையில் சாப்பாடு! எந்த ஓட்டலுக்கு எழுதியதை எங்கள் தலையில் கொட்டினார்களோ தெரியவில்லை. கொழுந்தனார் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். போலி விமர்சனங்கள் கூகுளின் விதிப்படி தடைசெய்யப்பட்டவை. ஒருநாள் அவை காணாமல் போயின. கூடவே எங்கள் உண்மையான வாடிக்கையாளர்கள் சிலர் எழுதியவையும் போய்விட்டன. எனக்குச் சிரிப்பு நின்றது அப்போதுதான்.

விலகுகிறோம் என்று சொன்னதும் பேச்சு மாறியது. டொமைன் அவர்கள் பெயரில், அவர்கள் மின்னஞ்சலில் இருந்தது. அதை மாற்றித் தர, நாங்கள் கேள்விப்படாத ஒரு 'நிலுவைத் தொகை' கேட்டார்கள். டொமைன்களைப் பதிந்து தரும் பதிவு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். கணக்கில் எங்கள் பெயர் இல்லை, எனவே எதுவும் சொல்ல முடியாது என்று மரியாதையாகக் கைவிரித்தார்கள். டாட் காம் பெயர்களுக்கு யூ.டி.ஆர்.பி. என்ற தகராறு நடைமுறை இருக்கிறது. ஆனால் அதற்கு அந்தப் பெயரில் நமக்கு வணிகக்குறி உரிமை உண்டு என்று காட்ட வேண்டும். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் முறையிட, ஒரே நடுவர் என்றால்கூடக் கட்டணம் 1,500 டாலர். எங்கள் கிரைண்டரின் விலையை நினைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன்.

கடைசியில் காப்பாற்றியது ஒரு பழைய ஜி.எஸ்.டி. பில். 'டொமைன் பதிவுக் கட்டணம்' என்று தனி வரி போட்டு, 18 சதவீத வரியோடு எங்களிடம் பணம் வாங்கியிருந்தார்கள். அந்த பில்லை இணைத்து வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் போனதும் நிலுவைத் தொகை மறைந்தது. பில்களைத் தூக்கிப்போடாதீர்கள். இன்னொன்று, டொமைனைத் திரும்ப வாங்கும்போது உடனே வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முயல வேண்டாம். அதே நிறுவனத்தில் நமக்கு ஒரு கணக்குத் திறந்து அதற்குள் தள்ளிவிடச் சொல்வது எளிது. உரிமையாளர் விவரத்தை மாற்றினாலே, வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி 60 நாள் பூட்டு விழ வாய்ப்பு உண்டு.

டொமைன் கைக்கு வந்த பிறகு சர்ச் கன்சோல் சுலபம். டி.என்.எஸ்.ஸில், அதாவது டொமைனின் அமைப்புகளில், கூகுள் தந்த சரிபார்ப்புச் சொல்லை ஒரு டி.எக்ஸ்.டி. (எழுத்து) பதிவாகச் சேர்த்தேன், உரிமையாளர் ஆனேன். பழைய நிறுவனத்தின் சரிபார்ப்புப் பதிவையும் மறக்காமல் நீக்க வேண்டும். அது இருக்கும்வரை அவர்கள் மறுபடி உள்ளே வரலாம்.

உள்ளே போனால் அதிர்ச்சி. 'கைமுறை நடவடிக்கைகள்' பகுதியில், தளத்துக்கு இயற்கைக்கு மாறான இணைப்புகள் வருவதாகக் கூகுள் எப்போதோ எச்சரித்துத் தண்டனையும் போட்டிருந்தது. அந்த மின்னஞ்சல் உரிமையாளருக்கு, அதாவது அந்த நிறுவனத்துக்குத்தான் போயிருக்கிறது. வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்களிலிருந்தெல்லாம் எங்கள் கிரைண்டருக்குப் பேக்லிங்க் (நம் தளத்தைச் சுட்டும் இணைப்பு) வாங்கிப் போட்டிருந்தார்கள். இப்படி இணைப்பு வாங்குகிறவர்களைக் கூகுள் 2012இல் பெங்குவின் என்ற தேடல் அப்டேட்டைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே அடித்துக்கொண்டிருக்கிறது. 'அப்டேட்' என்று அந்தப் பையன் சொன்னது இதைத்தான்.

இந்த நிலையில் அடுத்த ஆளைத் தேட ஆரம்பித்தோம். ஒருவர் முப்பது நாளில் முதல் பக்கம், எழுத்தில் உத்தரவாதம் என்றார். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்பதும் அங்கேயே இருக்கிறது. இன்னொருவர் 'கூகுள் பார்ட்னர்' முத்திரையைக் காட்டினார். அது விளம்பரப் பிரிவுக்கான முத்திரை, எஸ்.இ.ஓ.வுக்கு அல்ல. மூன்றாமவர் எங்கள் தளத்தின் 'டொமைன் அத்தாரிட்டி' என்ற மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாகச் சொன்னார். அந்த எண்ணைக் கணக்கிடுவது மாஸ் என்ற தனியார் நிறுவனம். கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை. மெட்டா கீவேர்டு (பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் தேடல் சொற்கள்) நிரப்புவதற்குத் தனிக் கட்டணம் கேட்ட மகானுபாவரும் உண்டு. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் அறிவித்தது 2009இல்!

நாங்கள் அமர்த்தியவர் ஈரோட்டிலிருந்து தனியாக வேலை செய்யும் ஒரு பெண். முதல் அழைப்பில் தரவரிசை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த அளவு கிரைண்டரில் லாபம் அதிகம், வருகிற விசாரணைகளில் எது ஆர்டர் ஆகிறது, சர்வீஸுக்கு எவ்வளவு தூரம் ஆள் அனுப்புவீர்கள் என்று கேட்டார். பிறகு சர்ச் கன்சோலில் பார்க்க மட்டும் அனுமதி கேட்டார். உரிமையாளர் அனுமதி தரவா என்றதற்கு, "வேண்டாம் மேடம், அது உங்களிடமே இருக்கட்டும்" என்றார். என் மனதில் அப்போதே முடிவாகிவிட்டது.

இருந்தாலும் விசாரித்தேன். அவர் தந்த வாடிக்கையாளர்களோடு, அவரை விட்டுப்போன ஒருவரின் எண்ணும் வேண்டும் என்று கேட்டேன். தயங்காமல் கொடுத்தார். விட்டுப்போனவர் திருப்பூர்க்காரர். "ரிப்போர்ட் தாமதமாக வரும், பேச்சும் கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். ஆனால் செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மாட்டார்" என்றார். புகழ்ந்தவர்கள் சொன்னதைவிட இதுதான் எனக்கு உதவியது.

நேரடியாக மாத ஒப்பந்தத்துக்குப் போகாமல், முதலில் தணிக்கைக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுத்தோம். அவர் கண்டுபிடித்தவை: எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பு. எத்தனை லிட்டர், எத்தனை ஹெச்.பி., சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்ற விவரமெல்லாம் படமாக ஒட்டப்பட்டிருக்கிறது, எழுத்தில் ஒன்றும் இல்லை. ஓட்டல்காரர் தேடுவதே அந்த லிட்டரைத்தான்.

தண்டனையை நீக்குவதுதான் இழுத்தது. மோசமான இணைப்புகளை டிஸ்அவ் கோப்பில் (இவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று கூகுளுக்குத் தரும் பட்டியல்) போட்டு மறுபரிசீலனை கேட்டோம். நிராகரித்துவிட்டார்கள். கோப்பு மட்டும் போதாது, இணைப்புகளை நீக்க உண்மையாக முயன்றதும் தெரிய வேண்டுமாம். அந்தத் தளங்களுக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதி, யார் பதில் தந்தார், யார் பணம் கேட்டார் என்று அட்டவணை போட்டு மறுபடி அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். அன்று பட்டறையில் எல்லோருக்கும் ஜிலேபி.

ஒப்பந்தத்தில் நான் பிடிவாதமாகச் சேர்த்தவை சில. டொமைன், ஹோஸ்டிங், ப்ரொஃபைல் எல்லாம் நிறுவன மின்னஞ்சலில். ஊழியர் யாருடைய சொந்த ஜிமெயிலிலும் இல்லை. புதிதாக இணைப்பு எதுவும் பெற்றால் அதன் முகவரி மாதாமாதம் பட்டியலாக வர வேண்டும். ஒரு மாத அறிவிப்பில் எந்தத் தரப்பும் விலகலாம். வருடக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி என்ற பேச்சே வேண்டாம். அவர் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு ஒரு வரியைத் தன் பங்குக்குச் சேர்த்தார்: கேட்ட புகைப்படங்களையும் விவரங்களையும் பட்டறை பத்து நாளில் தராவிட்டால் தாமதத்துக்கு அவர் பொறுப்பல்ல. நியாயம்தான். முதல் மாதமே கொழுந்தனார் புகைப்படம் எடுக்கப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார்.

இருபது லிட்டர் கிரைண்டரின் பக்கத்துக்கு இப்போது சர்ச் கன்சோலில் கிளிக்குகள் ஏறிவருகின்றன. போன வாரம் ஓசூரிலிருந்து ஒரு மெஸ்காரர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அழைத்தார். பழைய நிறுவனம் இன்னும் டொமைன் புதுப்பிப்புக்கு பில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதற்கான பதிலை வழக்கறிஞர் எழுதித் தந்திருக்கிறார்.