அப்பப்பாவின் பேன்டம்

ஜூலை 6, 2025

பின்விறாந்தையில் கிடந்த விறகு, பழைய கிடுகு, கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு, அப்பப்பாவின் மோட்டார் சைக்கிளை வேப்பமரத்தடிக்கு இழுத்து வந்தேன். உண்மையிலேயே இழுத்துத்தான் வந்தேன். பின்சில்லு சுற்றவே இல்லை. ரயர் இரண்டும் காய்ந்த கருவாட்டுத் தோல் மாதிரி வெடித்துக் கிடந்தன.

பி.எஸ்.ஏ. என்ற இங்கிலாந்துக் கம்பனியின் பேன்டம், டி1 மொடல். 123 சி.சி., டூ ஸ்ட்ரோக், மூன்றே மூன்று கியர். நம்பர் பிளேட்டில் இரண்டு ஆங்கில எழுத்து; இலங்கை நம்பர்களில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தியது. வெள்ளைக்காரன் 1957இல் இங்கே திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனான் அல்லவா, அதற்குக் கொஞ்சம் முன்னர், டொக்யார்டில் பிட்டராக இருந்த அப்பப்பா வாங்கியது. கடைசியாக ஓடியது 1990 ஜூனில். 35 வருஷம். என் வயதில் முக்கால்வாசி.

உவர்மலையில் இன்றைக்குக் கச்சான் காற்று அடித்த அடியில் கழற்றி வைத்த நட்டுக்கு மேலெல்லாம் மண். இனிமேல் ஐஸ்கிறீம் டப்பாவும் மூடியும் கட்டாயம்.

ஜூலை 7

கராஜ் அண்ணை வேலை முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்து ஆள், இங்கே வந்து இருபது வருஷமாகிறது. சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் இறுகியிருக்கும் தம்பி. கடல் காத்துப் பட்ட சாமான். உதை வித்துப்போட்டு ஒரு யமஹா எடுங்கோ" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் ஒரு கதை தெரியும். பேன்டமை முதலில் வரைந்தவன் பி.எஸ்.ஏ.காரன் இல்லை. ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்டி 125. போரில் தோற்றதற்கு நட்டஈடாக அந்த வரைபடம் கைமாறியது. பி.எஸ்.ஏ. அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றி 1948இல் இறக்கியது. ஹார்லியும் செய்தது, ரஷ்யாக்காரனும் செய்தான். 1955இல் யமஹா விட்ட முதல் மோட்டார் சைக்கிள் வைஏ-1கூட இதே ஜேர்மன்காரனைப் பார்த்துச் செய்ததுதான். இதைச் சொன்னதும் அண்ணை, "அப்ப நான் சொன்னதும் இதுவும் ஒண்டுதானே" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்.

ஜூலை 9

என் கையில் இருக்கிற ஸ்பானர் ஒன்றும் சரிவரவில்லை. பத்து சின்னது, பதினொன்று ஆடுகிறது. பழைய பிரிட்டிஷ் நட்டுக்கு விற்வேர்த் அளவு வேண்டும். பதினொன்றை வைத்துத் திருகினால் மூலை மழுங்கிவிடும். ஏற்கெனவே ஒன்றை மழுக்கிவிட்டேன்.

அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தன் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து வந்தார். அப்பப்பாவின் ஸ்பானர் செட். ஒவ்வொன்றிலும் சின்னதாய் ஒரு அம்புக்குறி முத்திரை, வெள்ளைக்கார அரசாங்கச் சாமான் என்பதற்கு அடையாளம். வாங்கியதா, எடுத்து வந்ததா என்று கேட்டேன். அப்பா சிரித்தார், பதில் இல்லை.

நட்டில் வைத்ததும் கைக்கு வாகாக உட்கார்ந்தது. இரண்டு நாளாக அசையாத பிளக் கழன்றது.

பிளக் ஓட்டைக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். துருவை எதிர்பார்த்தேன். பிஸ்டன் தலையில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒயில். கம்பியால் தொட்டால் நூல் மாதிரி இழுபடுகிறது.

"போறதுக்கு முதல்நாள் ராத்திரி பிளக்கைக் கழட்டி ஒயில் விட்டவர். நான்தான் ரோர்ச் பிடிச்சனான்" என்றார் அப்பா. இத்தனை வருஷத்தில் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

ஜூலை 13

மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து பிளக் ஓட்டைக்குள் விட்டு மூன்று நாள் ஊறவைத்தேன். இன்று காலை கிக்கரைக் கையால் அழுத்தினேன். முதலில் அசையவில்லை. பிறகு சளியோடு இருமுகிற கிழவன் மாதிரி ஒரு சத்தம், அரை அங்குலம் இறங்கியது. விட்டு விட்டு அழுத்தினேன். பத்துமணிக்குப் பிஸ்டன் மேலேயும் கீழேயும் போய் வந்தது.

அண்ணைக்கு போன் போட்டுச் சொன்னேன். "உங்கட அப்பப்பா வேலை தெரிஞ்ச மனுசன்" என்றார்.

ஜூலை 15

ஆனால் இதே மனுசன் பெற்றோல் தாங்கியை வெறுமையாக்கவில்லை.

தாங்கியைக் கழற்றி வெயிலில் கவிழ்த்தேன். பெற்றோல் எப்போதோ ஆவியாகிவிட்டது. அதோடு கலந்திருந்த ஒயில் மட்டும் அடியில் பனங்கட்டிப் பாகு மாதிரி உறைந்து கிடக்கிறது. உள்சுவரில் சரியாகப் பாதி உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு. அதற்கு மேலே துரு, கீழே பாகு. அரைத் தாங்கி இருந்திருக்கிறது. நீண்ட நாளைக்கு நிறுத்துகிறவன் பெற்றோலை வடித்துவிட்டுத்தான் நிறுத்துவான். டொக்யார்ட் பிட்டருக்கு அது தெரியாதா? அப்பாவிடம் கேட்டேன்.

"ரெண்டு கிழமையில வந்திடலாம் எண்டுதான் எல்லாரும் நினைச்சம். வந்த உடன சாமான் ஏத்த வேணும் எண்டார்."

சண்டைக்கு ஓடிக் குச்சவெளிப் பக்கம் போய், அங்கிருந்து முல்லைத்தீவு, பிறகு வள்ளம், தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாம். அப்பா 2003இல் திரும்பி வந்தபோது பின்கொட்டில் சுவர் சைக்கிளுக்கு மேலே விழுந்து அதை மூடிக் கிடந்ததாம். அதனால்தான் யாரும் தூக்கிப் போகவில்லை. அப்பப்பா வரவில்லை. மண்டபத்திலேயே முடிந்துவிட்டது.

தாங்கிக்குள் வினாகிரியும் ஒரு பிடி பழைய சங்கிலித் துண்டும் போட்டுக் குலுக்குகிறேன். பக்கத்து வீட்டுப் பொடியன் கூலிக்குக் குலுக்கித் தருகிறான், ஒரு தடவைக்கு ஒரு சொக்லேட்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. அப்பா விரதம். காலையில் கோணேசர் பக்கம் கடலுக்குப் போய்த் தீர்த்தமாடி, எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டு வந்தார். இன்றைக்குக் கையில் ஒயில் பூசவில்லை.

ஜூலை 27

மின்பொறி. இதற்கு மட்டும் ஒரு கிழமை போயிற்று.

டி1க்கு பற்றரி தேவையில்லை. சுற்றுகிற காந்தமே மின்சாரம் தரும். முதலில், அந்த மின்சாரத்தை வெட்டி விடுகிற பொயின்ற் முனை இரண்டையும் பார்த்தேன். சாம்பல் பூத்திருந்தது. நுண்ணிய அரத்தாளால் தேய்த்து, இடைவெளியை 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீற்றருக்கு வைத்தேன். பொறி வந்தது, ஆனால் செம்மஞ்சள் நிறத்தில், நோஞ்சானாக. பிளக் முனைக்குப் பாயக்கூடப் பஞ்சிப்படுகிறது. சந்தேகம் கொண்டென்சரில். பழையதை வெட்டிவிட்டு வேறொரு பைக்கின் கொண்டென்சரை வெளியே பொருத்தினோம். அழகில்லைதான், இருக்கட்டும்.

காந்தச் சில்லை எடுத்த கையோடு அதற்கு இரும்பு வளையம் போட்டு வைத்தேன். சும்மா விட்டால் அந்தக் காலத்துக் காந்தம் பலம் இழந்துவிடும்.

இரவு விளக்கை அணைத்துவிட்டு, பிளக்கை எஞ்சின் தலையில் சாய்த்து வைத்துக் கிக்கினேன். நீலம். சின்னது, ஆனால் நீலம். டிக் என்று சத்தமும் வந்தது. அப்பா இருட்டில், "இன்னொருக்கா அடி" என்றார். ஏழெட்டுத் தடவை அடித்தேன்.

ஆகஸ்ட் 3

சின்ன வேலைகள். பிறேக் கட்டை டிரம்மோடு ஒட்டிப்போயிருந்தது, மரச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். ரயர் 2.75-19, இங்கே கிடைப்பதெல்லாம் 18. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு சோடி கிடைத்தது, இரவு பஸ்ஸில் வந்தது. கார்பரேட்டர் ஜெற்றை வயரில் உரித்த ஒற்றைச் செம்புக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். ஊசி போட்டுக் குத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, துளை பெருத்துவிடும்.

ஆகஸ்ட் 10

ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஒயில். பத்து உதை, இருபது உதை, கால்தான் நோகிறது. பிளக் காய்ந்தே இருக்கிறது.

அண்ணை ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னச் சொட்டு மருந்துப் போத்தலை எடுத்தார். அதற்குள் பெற்றோல். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் அங்கே பைக் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் கார்பரேட்டருக்குள் சூப்பிப் போத்தலால் கொஞ்சம் பெற்றோல் பீச்சுவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. நாலு சொட்டு பீச்சினார். "இப்ப அடியுங்கோ."

மூன்றாவது உதையில் பிடித்தது.

பட் பட் என்று தொடங்கி, ஒரு நொடி நின்றுவிடுமோ என்று தடுமாறி, பிறகு டிங்டிங்டிங் என்று சீராக. சைலன்சரிலிருந்து முதலில் வந்தது புகையில்லை, ஏதோ குருவிக் கூட்டின் எச்சம். பிறகு புகை. முற்றம் முழுக்க வெள்ளை. அம்மா குசினியிலிருந்து இருமிக்கொண்டே கத்துகிறார். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே நாலு தலை.

அப்பா வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். கிட்ட வரவில்லை.

ஆகஸ்ட் 16

ஓடுகிறது, ஆனால் சூடானபிறகும் புகை அடங்கவில்லை. கியர்பொக்ஸ் ஒயில் மட்டம் குறைகிறது. கிராங்க் ஒயில் சீல் காய்ந்து வெடித்து, அதன் வழியே எஞ்சின் அந்த ஒயிலை உறிஞ்சி எரிக்கிறது என்பது அண்ணையின் தீர்ப்பு. எனக்கும் அதுதான் படுகிறது. சீலை அளவெடுத்துத் தேட வேண்டும். பதிவுப் புத்தகம் அப்பப்பாவின் பெயரில், அதிலும் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. அது தனி ஒப்பாரி. அதுவரைக்கும் வீதிக்கு இறக்க முடியாது, ஒழுங்கைதான்.

ஆகஸ்ட் 17

பின்னேரம் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "தா" என்றார். ஒழுங்கை முனை வரைக்கும் இரண்டாம் கியரில் போனார். திரும்புகிற இடத்தில் கால் ஊன்றி, சைக்கிளைச் சாய்த்து, அப்படியே சுழற்றினார். 65 வயது ஆள் செய்கிற வேலையில்லை. மூன்று தடவை போய் வந்தார். ஹெல்மெற் இல்லை, செருப்புக்கூட இல்லை.

இருட்டியதும் விறாந்தையில் ஏற்றினோம். சீல் வரும்வரைக்கும் சும்மா நிற்கப்போகிறதே, தாங்கியை வடித்துவிடலாம் என்று குழாயையும் போத்தலையும் எடுத்து வந்தேன்.

"விடு தம்பி" என்றார் அப்பா. "நாளைக்கும் ஓடத்தானே போறம்."

பெற்றோல் குழாயை மட்டும் மூடிவிட்டு உள்ளே வந்தேன்.