டீச்சருக்குத் தெரிய வேண்டும்

சேலத்தில் குழந்தைகளுக்கான சர்க்கரை நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இன்சுலின் போடப் பெற்றோருக்குப் பழக்கிவிடுவதுதான் என் முக்கிய வேலை. ஊசியைக் கண்டு கை நடுங்கும் அம்மாக்கள் சீக்கிரமே தேறிவிடுகிறார்கள். ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி என்பதை எழுத்தறியாத பாட்டிகூடப் பிழையில்லாமல் சொல்கிறார். லேசில் போகாதது, யாருக்கும் தெரியக்கூடாது என்ற தவிப்புதான்.

பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். "பள்ளிக்கூடத்துல சொல்ல மாட்டோம் சிஸ்டர். நாளைக்கு இவளை யாருங்க கட்டிக்குவாங்க?" மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். பிள்ளை தலைகுனிந்திருக்கும்.

இந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மாசமாக இருந்தபோது இனிப்பு தின்றதால்தான் வந்தது என்று வீட்டிலேயே பழி கேட்டு வருகிறவர்கள் அந்த அம்மாக்கள். அதனால் அப்பாவையும் மாமியாரையும் கூட உட்கார வைத்தே பேசுகிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு வந்திருக்கும் முதல் வகைச் சர்க்கரை நோய் (டைப் 1) தின்பண்டத்தால் வருவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இதில் தாயின் குற்றம் எங்கே இருக்கிறது?

ஆனால் மறைப்பதில் இருக்கும் ஆபத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். காலையில் போடும் கலப்பு இன்சுலினில் மெதுவாக வேலை செய்யும் பகுதி மதியத்தில்தான் வேகமெடுக்கும். சாப்பாடு தாமதமானாலோ, விளையாட்டு வகுப்பில் ஓடினாலோ சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும். பிள்ளைக்கு வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். விஷயம் தெரியாத டீச்சர், "தூங்கி வழியாதே" என்று அதட்டக்கூடும். தெரிந்தவர் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுப்பார், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பார். நினைவு தப்பிய பிள்ளைக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேராக மருத்துவமனைதான். இதெல்லாம் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டம். ஊசி போட்டு, இட்லி சாப்பிட்டு பஸ் ஏறுவார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் சாப்பிட்டது வாந்தியாகிவிடும், ஊசி மட்டும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். மலையிலிருந்து வந்தவர்களை வரிசையில் நிற்க விடாமல் முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது அதனால்தான்.

கல்யாணக் கேள்விக்கும் பதில் சொல்லித்தான் அனுப்புகிறேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, மருத்துவர் கண்காணிப்பில் பிள்ளை பெற்று வளர்க்கும் பெண்கள் எத்தனையோ பேர். அப்படிச் சொன்னதும் ஒரு அம்மா கேட்டார்: "எல்லாருக்கும் வேண்டாம் சிஸ்டர், வகுப்பு டீச்சர்கிட்ட மட்டும் சொல்லட்டுமா?" பி.டி. சாரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.